மருந்தாகிய கஞ்சாவும் மாறிவந்த சட்டங்களும்

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவின் கரையிலே, மகாவலி கங்கை கடலோடு கலக்குமிடத்துக்கு அணித்தாக அமைந்த பழம்பதி மூதூர். அவ்வூரிலே ஒரு புளியமரம் நெடுங்காலமாக 'வெள்ளைக்காரன் மரம்' என வழங்கப்பட்டு வந்தது. அம்மரத்தின் கீழேதான் 1660ஆம் ஆண்டில் ஆங்கிலக் கப்பற்றலைவர் ஒருவர் கண்டியரசனின் வீரராற் சிறைபிடிக்கப்பட்டார் என்பது ஊர் வழக்கு. அந்நிகழ்ச்சியைக் கூறும் நினைவுக்கல் ஒன்றும் அங்கே நாட்டப்பட்டது. புயலிற் பாய்மரம் முறிந்த 'ஆன்' என்னுங் கப்பலைச் செப்பனிடுதற் பொருட்டுக் கொட்டியாரத்துக்கு வந்த அத்தலைவரும், அவர்தம் மைந்தர் றொபேட் நொக்ஸ் என்பவரும், அவர்களோடு வந்தோருமாகப் பதினறுவர் இரண்டாம் இராசசிங்கனின் சிறையாளராயினர். தந்தை அடுத்த ஆண்டிலேயே காய்ச்சலால் இறந்தார். பத்தொன்பது வயதினராயிருந்த மைந்தர் ஏறத்தாழப் பத்தொன்பதரை ஆண்டு கண்டி நாட்டில் வாழ்ந்து, 1679ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்து தப்பினார். 1681இல் அவர் வெளியிட்ட இலங்கை வரலாறு உலகப் புகழ் பெற்ற நூலாகும்.

இக்கதை இலங்கை வரலாறு கற்போர் பலரும் அறிந்தது. ஆயினும் அந்நூலின்கண் உள்ள ஒரு சிறு செய்தி போதிய அளவு கவனிக்கப்பட்டதில்லை. நொக்ஸ் கஞ்சாவை மருந்தாக உண்டவர் என்பதே அச்செய்தி. அதனையே முதலாகக் கொண்டு மேனாட்டு அறிவியலாரும் அச்செடியைப் பற்றி ஆராயத் தலைப்பட்டனர். மருந்துத் தேவைக்குக் கஞ்சாவைச் சட்டம் அனுமதித்தல் வேண்டும் என்னுங் கோரிக்கை இலங்கையிலும், இந்திய மாநிலங்களிலும், அமெரிக்க மாநிலங்களிலும் வலுத்துள்ளது. இது புதிதாய்ப் புகுந்த மேனாட்டுக் கோரிக்கை எனச் சிலர் எண்ணுவர். பண்டை மருத்துவத்தை மீட்கும் முயற்சி எனச் சிலர் போற்றுவர். இவ்விரு கூற்றையும் வரலாற்றின் துணைகொண்டு ஆராய்ந்தால் வேறொரு உண்மை புலப்படும். கஞ்சா மருந்தாகப் பயன்படும் என்பதனைச் சட்டங்கள் பெரும்பாலும் முற்றாக மறுத்ததில்லை. மருந்தென ஒப்புக்கொண்ட பொருள் தூய்மையோடும் அளவோடும் நோயாளியின் கையிற் சேர்வதற்கு வழி அமைக்காமையே அவற்றின் குறையாயிற்று. அனுமதி என்பது ஒன்று. வழங்கல் என்பது மற்றொன்று. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டு நோக்குதல் இவ்வாராய்ச்சிக்கு இன்றியமையாததாகும்.

நொக்சும் ஹூக்கும்

நொக்சும் அவர்தம் தோழர் ஸ்டீபன் றட்லண்டும் சிறையிருந்த காலத்திலே சிறு பண்டங்களைத் தூக்கிக்கொண்டு வணிகஞ் செய்வார்போல வடபுலத்து நுவரகலாவியப் பகுதிக்குப் பலமுறை சென்றனர். தப்பிச் செல்லும் வழியைக் கண்டறிவதே அவர்களின் உள்நோக்கம். வறண்ட அந்நிலத்திற் குடிக்கக் கிடைத்தது விலங்குகள் படிந்து கலக்கிய சேற்று நீர். அதனைப் பருகியதால் இருவரும் குளிர்க்காய்ச்சலால் மீண்டும் மீண்டும் வருந்தினர். பின்னர் நாட்டவரிடமிருந்து ஒரு மாற்று மருந்தை அறிந்தனர். உலர்ந்த இலையை இடித்துப் பொடியாக்கி, கருப்பட்டியுடன் சேர்த்து, காலையிலும் மாலையிலும் வெறும் வயிற்றில் உண்பதே அம்முறை. பறங்கியர் அவ்விலையை 'பங்கா' என அழைத்தனர் என்றும், அது தலையை மயக்குமேயன்றி வேறு தொல்லை தராது என்றும், அதனை உண்டபின் தமக்கு நோய் வரவில்லை என்றும் நொக்ஸ் எழுதியுள்ளார். அப்பொருளே கஞ்சாச் செடியின் இலையாகிய பங்கியாகும்.

இலண்டனிலே நொக்சின் நூல் அச்சேறத் துணைநின்று அதற்கு முன்னுரை வழங்கியவர் றொபேட் ஹூக் என்னும் பேரறிஞர். உருப்பெருக்கிக் கண்ணாடியால் நுண்பொருள்களை ஆராய்ந்து உயிரணுவுக்குப் பெயரிட்டவர் அவரே. நொக்ஸ் பின்னாளிற் கிழக்கிந்தியக் கும்பினியின் கப்பற்றலைவராகிப் பல கடற்பயணங்கள் செய்தவர். இருவரும் காப்பிக் கடைகளிற் கூடி உரையாடும் நண்பராயிருந்தனர். நொக்ஸ் அளித்த பங்கியை வைத்துக்கொண்டு ஹூக் 1689ஆம் ஆண்டு திசெம்பர் 18ஆம் நாள் அரச கழகத்தின் முன்னிலையில் ஓர் உரை நிகழ்த்தினார். அதனை உண்டவன் நினைவு தடுமாறிச் சிரித்துப் பாடுவான் என்றும், பின்னர் உறங்கி எழுந்து நலமடைந்து பெரும்பசி கொள்வான் என்றும் அவர் விவரித்தார். தமக்கு அதனை அளித்தவர் தம்மீதே பலமுறை சோதித்துப் பார்த்தவர் என்பதையும் எடுத்துக்கூறினார். சித்தப்பிரமை கொண்டோர்க்கு இது பயன்படக்கூடும் என்னுங் கருத்தையும் வெளியிட்டார். ஆங்கில மொழியிலே கஞ்சாவின் இயல்பைக் கண்டறிந்தவாறு விரித்துக் கூறிய முதலுரைகளுள் இதுவும் ஒன்றாகும்.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டற்பாலது. நொக்ஸ் தம் காய்ச்சல் பங்கியால் நீங்கியதென நம்பினார். அக்காய்ச்சல் பெரும்பாலும் நுளம்பினாற் பரவும் மலேரியாவே ஆதல் வேண்டும். மலேரியாவுக்குக் கஞ்சா மருந்தாகாது என்பது இன்றைய மருத்துவத்தின் முடிபு. சேற்றுநீரே நோய்க்குக் காரணம் என அவர் கருதியதும் அக்காலத்து அறிவின் எல்லையையே காட்டுகின்றது. ஆதலால் நொக்சின் கூற்று மருத்துவ வழக்கிற்குச் சான்றாகுமேயன்றி மருத்துவப் பயனுக்குச் சான்றாகாது. ஒருவர் உண்டு நலமடைந்தார் என்பதற்கும், அப்பொருளே நலத்தைத் தந்தது என்பதற்கும் இடையே நெடுந்தூரமுண்டு. இவ்வேறுபாட்டை மறந்தோர் முந்நூறு ஆண்டுகளாக இருபக்கத்திலும் இருந்து வருகின்றனர்.

கல்கத்தாவில் நடந்த ஆராய்ச்சி

ஹூக்கின் உரை நெடுநாள் கிணற்றிலிட்ட கல்லாகவே கிடந்தது. ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளின் பின்னர், கல்கத்தா மருத்துவக் கல்லூரியிற் பேராசிரியராயிருந்த ஓஷோனெசி என்னும் அயர்லாந்து மருத்துவர் இப்பொருளை முறையாக ஆராய்ந்தார். பண்டிதரிடத்தும் அக்கீம்களிடத்தும் வடமொழி, பாரசீக மருத்துவ நூல்களின் கருத்தைக் கேட்டறிந்தார். முதலில் விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். பின்னரே வாதம், ஏற்புவலி, வாந்திபேதி, நாய்க்கடி விடம், குழந்தைகளின் வலிப்பு முதலிய நோய்களால் வருந்தினோர்க்கு அளந்து கொடுத்தார். 1839ஆம் ஆண்டில் வங்காள மருத்துவ சங்கத்தின்முன் தம் முடிபுகளைப் படித்தார். விடம் ஏறிய நாய்க்கடி நோயாளியைத் தம்மாற் காப்பாற்ற முடியவில்லை என்பதையும், அவனது துன்பத்தை மட்டுமே தணிக்க முடிந்தது என்பதையும் அவர் மறைக்கவில்லை. அளவு மிகுந்தால் நேரும் மயக்கத்தையும் கூறியிருந்தார். குறையையும் கூறியமையே அவரது ஆராய்ச்சிக்குப் பெருமதிப்பைத் தந்ததெனலாம். ஹூக் உரையாற்றிய அதே அரச கழகம் 1843இல் ஓஷோனெசியை உறுப்பினராக ஏற்றது.

அவர் கொண்டுசென்ற சரக்கிலிருந்து இலண்டன் மருந்தாளர் சாரம் இறக்கினர். ஐரோப்பிய, அமெரிக்க மருந்துக் கடைகளிற் கஞ்சாச் சாராய மருந்து விற்கப்பட்டது. அமெரிக்க மருந்து விதிநூலிற் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் சேர்க்கப்பட்ட அது 1942 வரை அந்நூலில் இருந்தது. பிரித்தானிய மருந்து விதிநூலிலிருந்து 1932இல் நீக்கப்பட்டது. நீக்கப்பட்டமைக்குச் சட்டத் தடை மட்டும் காரணமன்று. ஊரூராகவும் பருவத்துக்குப் பருவமும் செடியின் வீரியம் வேறுபட்டது. ஒரு குப்பி மருந்து பயனற்றுப் போக, மற்றொரு குப்பி நோயாளியை மயக்கியது. எப்பொருளால் மயக்கம் உண்டாகின்றது என்பதும் அக்காலத்திற் கண்டறியப்படவில்லை. ஊசிமூலம் ஏற்றக்கூடிய மருந்துகளும், அளவிற் பிழையாத மாத்திரைகளும் வந்தபோது மருத்துவர் அவற்றையே விரும்பினர். வீரியத்தை நிலைப்படுத்த முடியாத மருந்து தானே பின்வாங்கியது என்பதையும் நடுநிலையோடு ஒப்புக்கொள்ளல் வேண்டும். கஞ்சாவின் மயக்கும் பொருளை மெக்கூலம், காவோனி என்னும் இசுரேலிய வேதியியலறிஞர் தூய நிலையிற் பிரித்தெடுத்து 1964இல் வெளியிட்டபோதே இக்குறை நீங்கத் தொடங்கிற்று.

1893ஆம் ஆண்டின் விசாரணைக் குழு

இந்தியாவிலே கஞ்சா முற்றாகத் தடைசெய்யப்படல் வேண்டும் என்னுங் குரல் முதலில் இங்கிலாந்தின் மதுவிலக்கு இயக்கத்தாரிடமிருந்து எழுந்தது. பித்தர் விடுதிகளிற் கஞ்சாவாற் பித்தரானோர் நிறைந்துள்ளனர் என்பது அவர்களின் குற்றச்சாட்டு. கெயின் என்னும் பாராளுமன்ற உறுப்பினர் 1893 மார்ச்சு மாதத்தில் எழுப்பிய வினாவின் பயனாக எழுவர் கொண்ட குழுவொன்று நியமிக்கப்பட்டது. மக்வர்த் யங் அதன் தலைவர். இந்தியர் மூவரும் அதில் இடம்பெற்றனர். ஆயிரத்து நூற்றுக்கு மேற்பட்டோரின் சாட்சியத்தைக் கேட்ட அக்குழுவின் அறிக்கை 1894இல் பல தொகுதிகளாக வெளிவந்தது.

குழு செய்த சிறந்த பணி, பித்தர் விடுதிப் பதிவேடுகளைத் துருவி ஆராய்ந்தமையாகும். நோயாளியின் முன்வரலாறு தெரியாதவிடத்து, அவனைக் கொண்டுவந்த காவலர் கேள்வியுற்றதை வைத்தே 'கஞ்சா' எனக் காரணம் எழுதப்பட்டமை தெரிய வந்தது. 1892ஆம் ஆண்டில் அவ்வாறு எழுதப்பட்டவற்றை ஒவ்வொன்றாக விசாரித்தபோது அரைவாசிக்கு மேற்பட்டவை நிலைபெறவில்லை. அளவோடு கொள்வோர்க்குப் பெருந்தீங்கில்லை என்றும், மிதமிஞ்சிக் கொள்வோர்க்கு உடற்கேடும் மனக்கேடும் உண்டென்றும், முழுத்தடை வேண்டாம் என்றும், வரியாலும் உரிமத்தாலும் கட்டுப்படுத்தலே தக்கதென்றும் குழு முடிபு செய்தது. வைத்தியரும் அக்கீம்களும் அதனை மருந்தாகக் கையாளுதலையும், கால்நடைகளுக்கு அது கொடுக்கப்படுதலையும் அறிக்கை தனியே எடுத்துரைத்தது.

வங்காளத்து இராசசாகி மாவட்டத்தின் நவுகாவ்ன் பகுதி இக்கட்டுப்பாட்டு முறைக்கு எடுத்துக்காட்டாய் விளங்கியது. அங்கே உரிமம் பெற்ற உழவர் மட்டும் கஞ்சா பயிரிட்டனர். விளைந்த சரக்கு அரசாங்கப் பண்டகசாலையிற் சேர்க்கப்பட்டு, நிறுக்கப்பட்டு, வரி கொடுத்தபின் வணிகர்க்கு விடப்பட்டது. 1917ஆம் ஆண்டில் அவ்வுழவர் கூட்டுறவுச் சங்கமொன்றும் அமைத்தனர். இம்முறை அரசினரின் வருவாயையே முதன்மையாகக் கருதி ஏற்பட்டது என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒரு பொருளை அனுமதிப்போர் அது எவ்வயலில் விளைகின்றது, எவர் கையிற் செல்கின்றது என்பதற்கும் வகைசொல்லல் வேண்டும் என்னும் நெறி அதில் அடங்கியிருந்தது. பின்வந்த சட்டங்கள் பலவற்றிற் காணப்படாத நெறி அது.

இலங்கைச் சட்டத்தின் போக்கு

இலங்கையில் அபினும் பங்கியும் 1867ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டத்தாலேயே உரிமக் கட்டுப்பாட்டினுள் வந்துவிட்டன. பெருமாற்றம் ஜெனீவா நகரிலிருந்து வந்தது. அங்கு 1925ஆம் ஆண்டு பெப்ரவரியில் நிறைவுற்ற அபின் மகாநாட்டிலே எகிப்தின் பிரதிநிதி விடுத்த வேண்டுகோளின்படி இந்தியக் கஞ்சாவும் உலக உடன்படிக்கையிற் சேர்க்கப்பட்டது. அவ்வுடன்படிக்கையும் மருத்துவத்துக்கும் ஆராய்ச்சிக்குமான பயனை விலக்கவில்லை. அதனையொட்டி இலங்கையில் 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சுகள், அபின், அபாயகர மருந்துகள் கட்டளைச்சட்டம் பிறந்தது. உரிமமின்றிக் கஞ்சாச் செடியை வளர்த்தலும், வைத்திருத்தலும், விற்றலும் குற்றமாயின.

அதே 1929ஆம் ஆண்டிற்றான் கொழும்பிலே சுதேச வைத்தியக் கல்லூரி தொடங்கப்பெற்றது. தேசிய விழிப்பின் பயனாக ஆயுர்வேதத்தோடு சித்தமும் யூனானியும் அங்குக் கற்பிக்கப்பட்டன. அம்மூன்று முறைகளும் கஞ்சாவை அறிந்தவை. ஆயுர்வேதம் அதனை விசயை என்னும் பெயரால் வழங்கும். சிங்கள வைத்தியரின் மதன மோதகம் அது சேர்ந்த மருந்தாகும். சித்தமுறை அதனை நச்சுத்தன்மையுடைய சரக்காகக் கருதிச் சுத்தி செய்த பின்னரே மருந்திற் சேர்க்க விதிக்கும். ஒருபுறம் அரசு அவ்வைத்தியத்தைப் போற்றக் கல்லூரி நிறுவ, மறுபுறம் அவ்வைத்தியத்தின் சரக்குகளுள் ஒன்றைப் பரியாரியாரின் வேலிக்குள்ளிருந்து அகற்றியது. இரண்டும் தனித்தனியே நியாயமுடையன. ஒன்றோடொன்று பொருந்துமாறு செய்வதற்கு எவரும் முனையவில்லை என்பதே குறை.

சுதந்திர இலங்கை 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தால் இக்குறையை ஓரளவு நிரப்ப முயன்றது. ஆயுர்வேதம் என்னுஞ் சொல்லிற் சித்தம், யூனானி, தேசிய வைத்தியம் யாவும் அடங்குமென அச்சட்டம் கொண்டது. பதிவு பெற்ற வைத்தியர் மருந்து செய்வதற்கு அபினையும் கஞ்சாவையும் அனுமதியுடன் பெறுவதற்கு அச்சட்டமும் அதன் திருத்தங்களும் இடமளித்தன. எனவே மருத்துவத்துக்குக் கஞ்சா இலங்கையிற் சட்டவிரோதம் என்று பொதுவாகக் கூறுவது பிழை. அனுமதி அறுபது ஆண்டுகளுக்கு மேலாக உண்டு.

ஆனால் வழங்கல் எங்கிருந்து வந்தது? அபினை அரசு வெளிநாட்டிலிருந்து வருவித்தது. கஞ்சாவோ காவலராற் கைப்பற்றப்பட்டு, நீதிமன்றில் வழக்குப் பொருளாக வைக்கப்பட்டு, வழக்கு முடிந்தபின் வைத்தியத் தேவைக்கு விடப்பட்டது. இவ்வேற்பாட்டின் குறையைச் சற்று எண்ணிப் பார்த்தல் நன்று. எவ்விடத்தில் விளைந்தது, எவ்வாறு உலர்த்தப்பட்டது, எவை கலந்தன என்பது அறியாத சரக்கு அது. நீதிமன்றக் களஞ்சியத்திற் பல ஆண்டு கிடந்து பூஞ்சணம் பிடித்தலும் வீரியம் கெடுதலும் இயல்பு. பச்சிலையைப் பறிக்கும் பொழுதையும் திசையையும்கூட வரையறுத்த மருத்துவம், குற்றவாளியின் மூடையிலிருந்து எஞ்சியதைச் சரக்காகக் கொள்ள நேர்ந்தது. 2017ஆம் ஆண்டிற் சுகாதார அமைச்சராயிருந்த இராஜித சேனாரத்தின இக்குறையைப் பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். நாலைந்து ஆண்டு பழகிய சரக்கு மருந்துக்கு உதவாது எனக் கூறி, இங்கிரியாவில் நூறு ஏக்கர் நிலத்தில் அரசின் காவலோடு கஞ்சா பயிரிடும் திட்டத்தை அவர் அறிவித்தார். ஐந்து ஆண்டு கழிந்தும் இவ்விடயம் மீண்டும் முதலிலிருந்தே பேசப்படவேண்டியதாயிற்று.

2022ஆம் ஆண்டிலே நாடு பொருளாதார வீழ்ச்சியுற்று, அந்நியச் செலாவணியின்றித் தவித்தது. அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் வரவு செலவுத் திட்டத்தை முன்வைத்த சனாதிபதி இரணில் விக்கிரமசிங்க, ஏற்றுமதிக்காகக் கஞ்சா பயிரிடுதல் பற்றி ஆராய நிபுணர் குழு அமைக்கப்படும் என்றார். அரசு மாறிய பின்னரும் அவ்வெண்ணம் மறையவில்லை. 2025ஆம் ஆண்டில் வெளிநாட்டு முதலீட்டாளர் எழுவர்க்கு, விளைவு முழுவதையும் ஏற்றுமதி செய்தல் வேண்டும் என்னும் நிபந்தனையோடு, மீரிகமையிற் பயிரிட இசைவளிக்கப்பட்டது. 2017இன் திட்டம் வைத்தியரின் தேவையைக் கூறித் தொடங்கியது. 2025இன் திட்டம் செலாவணித் தேவையைக் கூறித் தொடங்கியது. ஒரே செடியைப் பற்றிய இவ்விரு திட்டங்களுக்கும் இடைப்பட்ட தூரமே இக்காலத்து வாதத்தின் மையமாகக் கருதத்தக்கது. உலகச் சந்தைக்குத் தூய சரக்கு இலங்கை மண்ணில் விளைய, உள்ளூர் வைத்தியர் வழக்குப் பொருளை நம்பியிருப்பது முறையாகுமா என்னும் வினா எழுதல் இயல்பே.

மாநிலங்களின் முயற்சி

பிற நாடுகளில் இவ்வினாவை மாநிலங்களே முன்னெடுத்தன. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1937ஆம் ஆண்டின் வரிச்சட்டம் மருத்துவர் கஞ்சாவைக் கையாளுவதைச் சொல்லளவில் தடுக்கவில்லை. பதிவும் வரியும் தண்டனை அச்சமும் சேர்ந்து செயலளவில் தடுத்தன. மருத்துவ சங்கத்தின் சார்பிற் சாட்சியமளித்த உட்வேட் அதனை அன்றே எதிர்த்தார். 1970இன் மத்திய சட்டமோ கஞ்சாவை மருத்துவப் பயனற்ற பொருள்களின் வரிசையில் வைத்தது. அங்ஙனம் இருக்கவும் 1996ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் கலிபோர்ணியா மாநில மக்கள் வாக்களித்து, மருத்துவரின் பரிந்துரை பெற்ற நோயாளி கஞ்சா வளர்க்கவும் வைத்திருக்கவும் இசைந்தனர். எயிட்சு நோயாலும் புற்றுநோயாலும் வாடியோரின் துன்பமே அவ்வியக்கத்துக்கு உயிர்நாடியாயிற்று. மத்திய சட்டத்தின் கீழ் மருத்துவர் மருந்துச் சீட்டு எழுத இயலாமையால் 'பரிந்துரை' என்னுஞ் சொல் ஆளப்பட்டது. 2005ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்னும் பெரும்பான்மையால், மாநிலச் சட்டம் இருப்பினும் மத்திய அரசு தண்டிக்கலாம் எனத் தீர்த்தது. எனினும் இயக்கம் தளரவில்லை. அந்நாட்டின் ஐம்பது மாநிலங்களுள் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டவை இவ்வனுமதியை வழங்கியுள்ளன.

இலங்கையின் குறைக்கு நேர்மாறான குறை அங்கே நேர்ந்தது. இலங்கையில் அனுமதி இருந்தது. முறையான வழங்கல் இல்லை. அமெரிக்க மாநிலங்களில் வழங்கல் பெருகிற்று. நாடளாவிய அனுமதியும் மருந்துக்குரிய சோதனையும் பின்தங்கின. மாநிலந்தோறும் விதி மாறியமையால் மருந்துக்கடைக்கும் களிப்புக்கடைக்கும் இடையே இருந்த வேலி பல இடங்களிற் சரிந்தது. கடுஞ் சோதனைகளில் தேறி வந்த மருந்தும் உண்டு என்பதற்கு, குழந்தைகளைத் தாக்கும் இருவகைக் கடும் வலிப்பு நோய்க்காகக் கஞ்சாவிலிருந்து எடுக்கப்பட்ட மயக்கந்தராத சாரமொன்றை 2018இல் அந்நாட்டு மருந்து நிருவாகம் ஏற்றமை சான்றாகும். ஓஷோனெசி கல்கத்தாவில் ஒரு குழந்தையின் வலிப்பைத் தணித்ததாக எழுதி நூற்றெண்பது ஆண்டு ஆகும் நிலையில் அம்முடிபு வந்தது. அவர் அவதானித்தது ஒருபுறம். அதனை மெய்ப்பித்தற்கு வேண்டிய காலமும் உழைப்பும் மறுபுறம்.

இந்தியாவின் நிலை வேறு. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருட் சட்டம் கஞ்சாவின் பூவையும் பிசினையும் தடுத்து, பூ நீங்கிய இலையையும் விதையையும் வரையறையில் விட்டுவைத்தது. வடநாட்டிற் பங்கி விற்கப்படுதல் இதனாலேயே. அச்சட்டத்தின் பத்தாம் பிரிவு பயிரிடலை அனுமதிக்கும் அதிகாரத்தை மாநில அரசுகளுக்கே அளித்துள்ளது. நெடுநாள் அவ்வதிகாரம் ஏட்டிலேயே உறங்கியது. நாருக்கும் விதைக்குமான வீரியங்குறைந்த செடியைப் பயிரிட உத்தரகாண்டம் 2018இல் உரிமம் வழங்கியது. இமாசலப் பிரதேசச் சட்டசபை மருத்துவத்துக்கும் கைத்தொழிலுக்கும் கட்டுப்பாட்டோடு பயிரிடலாம் என்னும் குழுவறிக்கையை 2024 செப்டெம்பரில் ஏற்றது. அடுத்த ஆண்டு அங்குள்ள இரு பல்கலைக்கழகங்கள் மூலம் சோதனைப் பயிரிடலுக்கு இசைவு கொடுத்தது. முதலில் பல்கலைக்கழகத்தின் வயலிற் சோதித்து, பின்னரே உழவனிடம் கொடுத்தல் என்னும் இவ்வொழுங்கு கவனிக்கத்தக்கது.

உலக அரங்கிலும் கருத்து மெல்ல மாறியது. 1961ஆம் ஆண்டின் ஒருமித்த உடன்படிக்கை கஞ்சாவை மிகக் கொடிய பொருள்களின் அட்டவணையிலும் சேர்த்திருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைப்படி, 2020 திசெம்பர் 2ஆம் நாள் ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் ஆணைக்குழு 27க்கு 25 என்னும் வாக்குகளால் அதனை அவ்வட்டவணையிலிருந்து நீக்கியது. நீக்கத்துக்கு இந்தியாவும் வாக்களித்தது. ஆயினும் வேறோர் அட்டவணையிற் கஞ்சா தொடர்ந்தும் இருக்கின்றது, கட்டுப்பாடு ஒழியவில்லை. இரண்டே வாக்கு வேறுபாடு என்பது உலகத்தாரின் மனம் இருகூறாய் நின்றதைக் காட்டும்.

முடிபு

எதிர்ப்போரின் அச்சத்தையும் எளிதில் தள்ளிவிட முடியாது. கரையோர மாவட்டங்களின் மக்கள் கடல்வழி வரும் கஞ்சாப் பொதிகளை அறிவர். பள்ளிப் பருவத்திலே அப்பழக்கத்துக்கு இரையானோரின் குடும்பங்களையும் அறிவர். இளமையிற் கொள்ளும் வீரியமிக்க கஞ்சா மனநோயைத் தூண்டக்கூடும் என இன்றைய மருத்துவம் எச்சரிக்கின்றது. ஆதலின் மருத்துவம் என்னும் பெயர் களிப்புக்குப் போர்வையாதல் கூடாது. அவ்வாறே, களிப்பைத் தடுக்கும் பெயரால் வலியாற் புலம்பும் நோயாளியின் மருந்தைத் தடுப்பதும் அறமாகாது. சுத்தி செய்யாத சரக்கை மருந்திற் சேர்க்காத சித்த வைத்தியரின் பண்டை ஒழுக்கம் சட்டத்துக்கும் ஏற்றதாகும். சரக்கைச் சுத்தி செய்தல் போலவே, அது வரும் வழியையும் சுத்தி செய்தல் வேண்டும்.

இலங்கைக்கு வேண்டியன மூன்று எனத் தொகுத்துக் கூறலாம். ஏற்றுமதிக்கென விளையும் தூய சரக்கில் ஒரு பங்கு, பதிவு பெற்ற வைத்தியரின் மருந்துக்கென அளந்து ஒதுக்கப்படல் வேண்டும். அம்மருந்துகள் எந்நோய்க்கு எவ்வளவு பயன்படும் என்பது, நம்பிக்கையை மட்டும் துணைக்கொள்ளாது, சோதனையால் அறியப்படல் வேண்டும். யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் பல்கலைக்கழக நிலையிற் சித்த மருத்துவம் கற்பிக்கப்படுகின்றது; அவ்வாராய்ச்சிக்கு ஏற்ற இடங்கள் அவையே. மூன்றாவதாக, பயிரிட்டவர் முதல் உண்பவர் ஈறாக எவர் கையில் எவ்வளவு சென்றதென்னுங் கணக்கு வெளிப்படையாயிருத்தல் வேண்டும். இம்மூன்றும் இல்லாவிடத்துச் சட்டம் இறுகினாலும் தளர்ந்தாலும் நோயாளிக்கு விளையும் பயன் சிறிதே.

கொட்டியாரக் கரையிற் பிடிபட்ட இளைஞர் ஒருவர் நுவரகலாவியக் காட்டில் இலைப்பொடியும் கருப்பட்டியும் உண்டபோது, அதன் அளவைச் சொல்லிக் கொடுத்தவர் பெயர் அறியப்படாத நாட்டவர். அவரிடமிருந்து நொக்சுக்கும், நொக்சிடமிருந்து ஹூக்குக்கும் சென்ற அவ்வறிவு உலகைச் சுற்றி, சோதனையிற் புடமிடப்பட்டு, விலையுயர்ந்த மருந்தாக உருப்பெற்றுள்ளது. அம்மருந்துக்கு வேண்டிய செடி இந்நாட்டில் விளைந்து கப்பலேறும் காலத்திலே, அவ்வறிவை முதலிற் பேணியவரின் வழிவந்த வைத்தியரும் அவர்களை நாடி வரும் நோயாளரும் புறக்கணிக்கப்படாதிருத்தல் நீதியாகும். அந்நீதியைச் சட்டம் சொல்லால் முன்னரே வழங்கியிருக்கின்றது. செயலால் வழங்குதலே எஞ்சியுள்ளது.